பழைய ஃபேக்டரியில படம் வரையப் போறீங்களா? முதல்ல மண்ணைப் பாருங்க

மூடிப் போன ஃபேக்டரி இடத்துல சுத்துப்பட்டு ஜனங்களே சேர்ந்து சுவத்துல படம் வரையறது, கழிச்சுப் போட்ட இரும்புல சிலை செய்யறதுன்னு இப்ப பல இடத்துல நடக்குது. நல்ல விஷயம் தான், எனக்கு அதுல எந்த எதிர்ப்பும் இல்ல. என் வேலை அந்த மாதிரி இடங்கள்ல மண்ணையும் பழைய பெயின்டையும் டெஸ்ட் பண்ணி இங்க மனுஷங்க நடமாடலாமா கூடாதான்னு சொல்றது, ஆனா என்னைக் கூப்பிடுறது எப்பவும் கடைசியில தான். டிசைன் முடிஞ்சிருக்கும், பெயின்ட் வந்து இறங்கியிருக்கும், பசங்களுக்கு தேதி சொல்லியாச்சு, போஸ்டர் அடிச்சாச்சு, அப்புறம் ஒரு போன் வரும், "ஒரு சர்டிஃபிகேட் மட்டும் குடுத்தா போதும்ங்க"ன்னு. டெஸ்ட்ல ஏதாவது வந்துட்டா நான் தான் காரியத்தைக் கெடுக்க வந்த ஆள்!

மக்களே நடத்துற ப்ராஜெக்ட்னு சொல்லிட்டு சுவத்துல மயில் வரையலாமா மீன் வரையலாமான்னு மட்டும் அவங்களைக் கேட்டா அது பேருக்குத் தான். அந்த மண்ணுல என்ன கிடக்கு, அந்தச் சுவத்துல எதைப் பூசியிருக்காங்கன்னு டிசைன் பேசுறதுக்கு முன்னாடியே அவங்களுக்குத் தெரிஞ்சாகணும், ஏன்னா பிரஷ் பிடிக்கப் போறது அவங்க கை, அங்க தரையில உக்காந்து விளையாடப் போறது அவங்க குழந்தை.

இந்த வேலைகள்ல ரொம்ப ஆபத்தான நாள் எதுன்னு கேட்டா சாரத்துல ஏறி வரையற நாள்னு தான் எல்லாரும் சொல்வாங்க. அதுவும் ஆபத்து தான், ஆனா அதுக்கு பெல்ட் இருக்கு, ஏறுறவங்களும் பயந்து பயந்து ஏறுவாங்க. யாருமே பயப்படாத நாள் ஒண்ணு இருக்கு, சுவத்தையும் இரும்பையும் சுரண்டி சுத்தம் பண்ற நாள். வாலண்டியர்ஸ் குடும்பத்தோட வருவாங்க, ஆளுக்கொரு கம்பி பிரஷ், உப்புத்தாள், பாட்டு ஓடும், சின்னப் பசங்க உதிர்ந்த பெயின்ட் சில்லைப் பொறுக்கி கலர் வாரியா அடுக்கி விளையாடும். அன்னைக்கு எழும்புற தூசு தான் எனக்கு பயம்.

காரணம் ஈயம். பழைய தொழிற்சாலை இரும்புல துரு பிடிக்காம இருக்க அடியில ஈயம் கலந்த சிவப்பு ப்ரைமர் அடிக்கிறது ரொம்ப காலமா வழக்கம், கிரேன், கைப்பிடிக் கம்பி, படிக்கட்டு ஓரத்துக்கெல்லாம் அடிச்ச பளிச்சுனு மஞ்சள்லயும் லெட் க்ரோமேட்ங்கற ஈய நிறமி இருக்க வாய்ப்பு அதிகம். பழைய கைப்பிடியில இருந்து நகம் அளவு சில்லை எடுத்து ஓரத்தை லென்ஸ் வச்சுப் பாருங்க, மேல சாம்பல், அதுக்குக் கீழ பச்சை, அப்புறம் மஞ்சள், இரும்பை ஒட்டி ஆரஞ்சு கலந்த ஒரு சிவப்பு. மேல ரெண்டு அடுக்குல ஒண்ணும் இல்லாமகூட இருக்கலாம், வில்லங்கம் பெரும்பாலும் கீழ் அடுக்குகள்ல தான். அதனால மேலாப்புல கொஞ்சம் சுரண்டி லேபுக்கு அனுப்பிட்டு "நெகடிவ் வந்துருச்சு"ன்னு சந்தோஷப்படக்கூடாது, சாம்பிள் இரும்பு தெரியற வரைக்கும் எல்லா அடுக்கும் சேர்த்து எடுக்கணும். எக்ஸ்ஆர்எஃப்னு கையில பிடிச்சு சுவத்துல அழுத்துற கருவி இருக்கு, சில செகண்டுல ரீடிங் காட்டிடும். கலரைப் பார்த்து இது வெறும் ரெட் ஆக்சைடு தான், அதாவது ஈயம் இல்லாத இரும்பு ஆக்சைடு ப்ரைமர் தான்னு அடிச்சு சொல்ற பெயின்டர்கள் நிறைய, பழசாகி அழுக்கேறின பிறகு ரெட் ஆக்சைடையும் ஈயச் சிவப்பையும் கண்ணால பிரிக்கிறது யாருக்குமே கஷ்டம் தான்.

ஈயத்துக்கு இவ்வளவு வரைக்கும் பரவாயில்லைன்னு ஒரு பாதுகாப்பான அளவே கிடையாதுன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. அதிகம் பாதிக்கிறது ஆறு வயசுக்குக் கீழ உள்ள குழந்தைங்களையும் கர்ப்பமா இருக்கிறவங்களையும். "அதான் ஈய பெயின்டை எப்பவோ தடை பண்ணிட்டாங்களே"ன்னு கேப்பாங்க. அமெரிக்காவுல 1978 ல வந்த தடை வீட்டுப் பெயின்டுக்கு, பொம்மைக்கு, ஃபர்னிச்சருக்கு. பாலம், டாங்க், இயந்திரம் எல்லாம் அதுக்குள்ள வரல. பல நாட்டுலயும் கதை இதே தான், வீட்டுக்கு முதல்ல, தொழிற்சாலைக்கு அப்புறமா.

அதனால உலர்ந்த சுவத்தை உலர்ந்தபடியே தேய்க்காதீங்க. பெயின்ட்ல ஈயம் இருக்குன்னு தெரிஞ்சா அந்த வேலையை பயிற்சி உள்ள ஆளுங்க, தண்ணி தெளிச்சு, கீழ கெட்டி ஷீட் விரிச்சு, ரொம்ப நுண்ணிய தூசையும் பிடிக்கிற ஹெபா ஃபில்டர் உள்ள வாக்குவம் வச்சு செய்யட்டும், வாலண்டியர்ஸ் அதுக்கப்புறம் வரட்டும். துணி மாஸ்க் இதுக்கு வேலைக்கு ஆகாது. அன்னைக்குப் போட்ட டிரஸ்ஸோட வீட்டுக்குப் போய் குழந்தையைத் தூக்காதீங்க. கூரையில அஸ்பெஸ்டாஸ் ஷீட், பைப்பைச் சுத்தி பழைய வெள்ளைக் கட்டு இருந்தா அதை டெஸ்ட் ரிசல்ட் வர்ற வரைக்கும் தொடவே தொடாதீங்க, ட்ரில் போடாதீங்க. அந்த நார் நுரையீரலுக்குள்ள போனா வியாதி 20 வருஷம், 30 வருஷம் கழிச்சு தான் தலைகாட்டும், அப்ப யாரும் அந்த ஞாயித்துக்கிழமையை ஞாபகம் வச்சிருக்க மாட்டாங்க.

சரி, மண்ணுக்கு வருவோம். கட்டடம் கட்டுறவங்க ஆழமா துளை போட்டு சாம்பிள் எடுப்பாங்க, அது அஸ்திவாரத்துக்கு. குழந்தை கையில ஒட்டுறது மேல் மண்ணு, முதல் ரெண்டு மூணு சென்டிமீட்டர், அதைத் தனியா எடுத்துப் பார்க்கணும். அதுலயும் சுவத்தை ஒட்டின ஒரு அடி ரெண்டு அடி அகலம் தான் பெரும்பாலும் மோசமா இருக்கும், ஏன்னா பல வருஷ மழையில சுவத்துப் பெயின்ட் உதிர்ந்து அங்க தான் சேரும். சுவரோவியம்னா எல்லாரும் நிக்கிறது, பசங்க உக்காந்து கலர் கலக்குறது எல்லாம் சரியா அதே இடத்துல தான்! குடியிருப்பு மண்ணுல ஈயம் இதுக்கு மேல இருந்தா கவனிக்கணும்ங்கற அளவை 400 பிபிஎம்னு (பத்து லட்சத்துல 400 பங்கு) வச்சிருந்த அமெரிக்க சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2024 ல அதை 200 ஆ இறக்கினாங்க, அதனால பழைய ரிப்போர்ட் ஒண்ணைக் காட்டி "இது பாஸான இடம்"னு யாராவது சொன்னா எந்த வருஷத்து ரிப்போர்ட்னு கேளுங்க.

சியாட்டில்ல கேஸ் வொர்க்ஸ் பார்க்னு ஒண்ணு இருக்கு, இந்த விஷயத்துல எனக்கு எப்பவும் அது தான் பாடம். நிலக்கரியில இருந்தும் அப்புறம் எண்ணெய்ல இருந்தும் கேஸ் எடுத்த ஆலை, 1906 ல ஆரம்பிச்சு 1956 ல நின்னுச்சு. ரிச்சர்ட் ஹாக்னு நிலவடிவமைப்பாளர், எல்லாத்தையும் இடிச்சுத் தள்ளிட்டு புல்லு போடலாம்னு மத்தவங்க நெனச்சப்ப, டவர்களை அப்படியே நிறுத்தி, கம்ப்ரசர் ஷெட்ல இருந்த மெஷின்களுக்கு பளபளன்னு கலர் அடிச்சு பசங்க விளையாடுற கொட்டகையா மாத்தினார், 1975 ல திறந்தாங்க. இடிபாட்டையும் தோண்டின மண்ணையும் குவிச்சு ஒரு மேடு, அது மேல 1978 ல ஒரு சூரியக் கடிகாரம், நீங்க நடுவுல நின்னா உங்க நிழல் தான் முள்ளு. அருமையான யோசனை. மண்ணை வெளிய அள்ளிக் கொட்டாம, கழிவுநீர்ச் சேறும் மரத்தூளும் கலந்து உழுது, நுண்ணுயிரை வச்சே எண்ணெய்யைக் கரைக்கப் பார்த்தார், அந்தக் காலத்துக்கு அது துணிச்சல். ஆனாலும் 1984 ல மண்ணுல மாசு இருக்குன்னு கொஞ்ச காலம் பார்க்கையே மூட வேண்டி வந்துச்சு, தார் கசிவும் சுத்திகரிப்பும் அதுக்கப்புறமும் பல வருஷம் ஓடுச்சு. வடிவமைப்பு எவ்வளவு நல்லா இருந்தாலும் மண்ணு தனக்குன்னு ஒரு டைம்டேபிள் வச்சிருக்கும்.

இப்ப இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி. எந்த இடத்துல சாம்பிள் எடுக்கணும்னு முடிவு பண்ண பழைய பிளான் கேப்போம், பிளான்ல மெஷின் இருக்கும், டாங்க் இருக்கும், எதை எங்க கொட்டினாங்கன்னு இருக்காது. அதைச் சொல்றது அங்க வேலை பார்த்து ரிடையர் ஆனவங்க தான். ஒரு முலாம் பூசுற யூனிட் இருந்த இடத்துல வரைபடத்தை மேஜையில விரிச்சு பேசிக்கிட்டிருந்தோம், அங்க பேக்கிங்ல இருந்த ஒரு அம்மா வரைபடத்தைப் பார்க்கவே இல்ல, எழுந்து போய் குடைக் கம்பியால தரையில ஒரு கோடு இழுத்தாங்க, "இப்படித்தான் தண்ணி போவும், மஞ்சளா, செருப்பெல்லாம் கறை பிடிக்கும், சார்வாள் வந்தா மட்டும் பலகை போட்டு மூடுவாங்க"ன்னாங்க. மஞ்சள் தண்ணின்னதும் எனக்கு முலாம் பூசப் பயன்படுற குரோமியம்ங்கற விஷ உலோகம் தான் தோணுச்சு, சாம்பிள் எடுத்தோம், அந்தக் கோட்டுல தான் இருந்துச்சு. மேடை போடணும்னு குறிச்சு வச்சிருந்த இடம் அது.

அதே அம்மா தான் படத்தைப் பத்தியும் பேசினாங்க. ஆர்ட்டிஸ்ட் தம்பி ஆசையா புகைபோக்கி வரைஞ்சு கொண்டு வந்திருந்தான், "அந்தப் புகையை தின்னது போதாதாப்பா, சங்கு ஊதினா கேட்டாண்ட ஓடுவோமே அதை வரை"ன்னு ஒரே போடா போட்டாங்க. அதனால மண்ணைப் பத்தி ஒரு மீட்டிங், கலையைப் பத்தி ஒரு மீட்டிங்னு பிரிக்காதீங்கன்னு சொல்வேன். ரெண்டுக்கும் தேவை ஒரே ஆளுங்க, அவங்களுக்கு வயசாகிக்கிட்டே போகுது.

இங்கிலாந்துல செயின்ட் ஹெலன்ஸ் பக்கம் சட்டன் மேனர் நிலக்கரிச் சுரங்கம் 1991 ல மூடினது. சுரங்கக் கழிவைக் குவிச்ச அந்த மேட்டு மேல என்ன வைக்கலாம்னு முடிவு பண்ணதுல முன்னாள் சுரங்கத் தொழிலாளிங்க முக்கியமான பங்கு. ஜாமே பிளென்சான்னு பெரிய சிற்பி, சுரங்க விளக்கை வச்சு முதல் டிசைன் கொண்டு வந்தார், அவங்க ஒத்துக்கல, பின்னாடியே பார்க்காம முன்னாடி பார்க்கிற மாதிரி வேணும்னாங்க. அப்புறம் வந்தது தான் கண்ணை மூடின ஒரு பொண்ணோட 20 மீட்டர் தலை, நிலக்கரிக்கு நேரெதிரா வெள்ளை வெளேர்னு, 2009 ல வச்சாங்க. முதல் டிசைனுக்கு வேண்டாம்னு சொல்ற அதிகாரம் இருந்துச்சே, அது தான் மக்கள் நடத்துறதுங்கறது.

மண்ணு மோசம்னு ரிசல்ட் வந்தா கலையே வேண்டாம்னு ஆயிடாது, கலையோட வகையை மாத்தலாம். ஜெர்மனியில டூயிஸ்பர்க்ல 1985 ல மூடின இரும்பு ஆலையை பார்க்கா ஆக்கினப்ப 1996 ல ஜொனாதன் பார்க்னு ஒருத்தர் ஊதுலைகளுக்கும் குழாய்களுக்கும் கலர் விளக்கு அமைச்சார். வெளிச்சத்துக்கு சுரண்ட வேண்டாம், பெரிசா தோண்ட வேண்டாம், பழைய பெயின்ட் அதும்பாட்டுக்கு இருக்கும். பிட்ஸ்பர்க் பக்கம் கேரி ஊதுலையில 1997-98 ல சில கலைஞர்கள் யாரையும் கேக்காம உள்ள புகுந்து, அங்கயே கிடந்த குழாயையும் கம்பியையும் வளைச்சு 40 அடிக்கு மேல ஒரு மான் தலை செஞ்சாங்க, இன்னைக்கு அதைக் காட்டவே டூர் நடத்துறாங்க. பார்க்க பிரமிப்பு தான், ஆனா அந்த வழியை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன், பழைய பைப்ல என்ன மிச்சம் இருக்கும், எது எந்த நேரம் பிடுங்கிட்டு வரும்னு தெரியாம கை வைக்கிற வேலை அது.

தோண்டித்தான் ஆகணும்னா தோண்டின மண்ணை ஓரமா குவிச்சு விட்டுடாதீங்க, பசங்களுக்கு அது சறுக்கு மரம். பள்ளத்தை மூடும்போது பளிச்சுனு ஆரஞ்சு நிறத்துல ஒரு வலைத்துணி விரிச்சு அது மேல சுத்தமான மண்ணு போடுவோம், பத்து வருஷம் கழிச்சு யாரோ கேபிள் போடத் தோண்டினா ஆரஞ்சு தெரிஞ்சதும் நிறுத்தணும்.

சுவர் விஷயம் சுருக்கமா. பழைய செங்கல் சுவர் கீழ இருந்து ஈரத்தையும் உப்பையும் உறிஞ்சிக்கிட்டே இருக்கும், அது மேல கெட்டியா அக்ரிலிக் அடிக்கிறது ஈரத் தலையில பாலிதீன் கவர் மாட்டின மாதிரி, உள்ள வேர்த்து, கொப்பளிச்சு, படம் தோல் தோலா உரியும். உரியும்போது அடியில இருக்கிற பழைய பெயின்டையும் சேர்த்துத் தான் இழுத்துட்டு வரும், அதனால இது அழகுப் பிரச்சனை மட்டும் இல்ல. வெறும் செங்கல்லு, பூச்சுன்னா சிலிகேட் பெயின்ட் யோசிங்க, அது சுவத்தை மூச்சு விட விடும். ஈயப் பெயின்ட் நல்லா ஒட்டிக்கிட்டு இருக்கிற சுவர்னா அதைக் கலைக்கவே வேண்டாம், தனியா பேனல்ல வரைஞ்சு முன்னாடி நிறுத்துங்க, தாங்குற சட்டம் அந்தச் சுவத்தைத் துளைக்காம தரையில நிக்கட்டும்.

கடைசியா பேப்பர், அதாவது எழுத்துல ஒப்பந்தம். நியூயார்க் குயின்ஸ்ல 5பாயின்ட்ஸ்னு பழைய வாட்டர் மீட்டர் ஃபேக்டரி, உலகம் பூரா இருந்து வந்து வரைஞ்ச சுவர்கள், 2013 ல ஓனர் ராத்திரியோட ராத்திரியா வெள்ளையடிச்சுட்டார். 1990 ல வந்த கலைஞர்கள் உரிமைச் சட்டத்தை வச்சு கேஸ் போட்டு, 2018 ல 21 கலைஞர்களுக்கு 67.5 லட்சம் டாலர்னு தீர்ப்பாச்சு, 2020 ல மேல்முறையீட்டுலயும் அது நின்னுச்சு. பணம் வந்துச்சு, சுவர் வரல. உங்க நாட்டுச் சட்டம் எதுவா இருந்தாலும் எத்தனை வருஷம் படம் இருக்கும், விக்கிறதா இருந்தா எப்ப சொல்லணும், உரிய ஆரம்பிச்சா யார் செலவுல யார் எடுக்கணும்னு முதல்லயே எழுதி வாங்குங்க. அதுலயே ரெண்டு வரி சேருங்க, டெஸ்ட் ரிசல்ட் எல்லாம் அந்த மக்களோட மொழியில, படிக்கிற அளவு எழுத்துல, சைட் கேட்ல ஒட்டணும்னு. இதைக் கேட்டாலே சில ஓனருங்க முகம் மாறும், "தேவையில்லாம பயமுறுத்தாதீங்க"ன்னு ஆரம்பிப்பாங்க. அப்ப தேதியைத் தள்ளி வைங்க, போஸ்டரை மறுபடி அடிச்சுக்கலாம்.