அட்லாண்டா பக்கம் லேக் வீடு வாங்குறீங்களா? கரை யாரோடதுன்னு முதல்ல கேளுங்க

அட்லாண்டா சுத்துவட்டாரத்துல வீடு தேடுற நம்ம ஆளுங்க லேக் உள்ள கம்யூனிட்டின்னா உடனே மயங்கிடுறாங்க, ஆனா அந்த லேக் பெரும்பாலும் தானா உண்டானது இல்லங்க, ஒரு ஓடைக்குக் குறுக்க மண்ணைக் கொட்டி கரை போட்டு தேக்கினதுதான், சட்டத்தோட கண்ணுல அது ஒரு அணை. கரை ஹெச்ஓஏ, அதாவது அந்த கம்யூனிட்டி வீட்டு ஓனர்கள் சங்கத்து பேர்ல இருந்தா அதோட பொறுப்பும் செலவும் ஹெச்ஓஏவுக்கு, அதாவது மெம்பரா சேர்ற உங்களுக்கும்தான்.

இந்த அணைப் பாதுகாப்புச் சட்டம் சும்மா வரல. அட்லாண்டா இருக்கிற இதே ஜார்ஜியா மாநிலத்துல டொக்கோவாங்கிற ஊர்ல கெல்லி பார்ன்ஸ்னு ஒரு மண் அணை, ஒரு பைபிள் காலேஜுக்குச் சொந்தம், கரண்ட் எடுத்துட்டிருந்தாங்க, 1957ல அதை நிறுத்தினப்புறம் வெறும் பொழுதுபோக்கு லேக்கா கிடந்துச்சு. 1977 நவம்பர் 6, விடாத மழை, நடுராத்திரி ஒன்றரை மணிக்கு கரை உடைஞ்சு கீழ தூங்கிட்டிருந்த 39 பேர் போய்ட்டாங்க, அதுல நிறைய குழந்தைங்க. அடுத்த வருஷமே, 1978ல, சேஃப் டேம்ஸ் ஆக்ட் வந்துச்சு.

அதன்படி கரை 25 அடி உயரம் இருந்தாலோ, இல்ல 100 ஏக்கர்-அடி தண்ணி பிடிச்சாலோ அது கணக்குல வரும். பத்து ஏக்கர் ஏரில சராசரியா பத்தடி ஆழம் தண்ணி நின்னா அதுதான் 100 ஏக்கர்-அடி, கிட்டத்தட்ட 12 கோடி லிட்டர். உடைஞ்சா உயிர்ச்சேதம் வரும்னா கேட்டகிரி ஒன்னு, மாநில பெர்மிட் கட்டாயம். அந்த ஆபத்து இல்லன்னா கேட்டகிரி ரெண்டு, பெர்மிட் வேணாம். இதுல முக்கியமா கவனிக்க வேண்டியது என்னன்னா, கரையில ஒரு கூடை மண்ணுகூட மாறாம கேட்டகிரி மாறிடும், கீழ்ப்பக்கம் ஓடையோரம் யாராவது புதுசா வீடு கட்டினா போதும். அப்புறம் உபரித் தண்ணி வெளியேறுற கலிங்கைப் பெருசாக்கு, கரையைச் சரிபண்ணுன்னு வர்ற செலவு அணை ஓனர் தலையில.

வீடு பார்க்கப் போறப்ப தண்ணியைப் பார்த்துட்டு திரும்பிடாதீங்க, கரையோட வெளிப்பக்கம் இறங்கி அடிவாரத்துல நடந்து பாருங்க. வெயில் காலத்துலயும் ஒரு இடம் மட்டும் சொதசொதன்னு பச்சையா இருந்தா அங்க கசிவு இருக்கு. கசியிற தண்ணி தெளிவா இருந்தா கண்காணிக்கணும், கலங்கலா வந்தா கரை மண்ணு உள்ளயிருந்தே அரிச்சிட்டு வருதுன்னு அர்த்தம், அது அவசரம், உடனே இன்ஜினியரையும் மாநில அணை பாதுகாப்பு ஆபீஸையும் கூப்பிடணும். பயத்துல ஏரியை சட்டுனு வடிச்சிடவும் கூடாது, ஊறிப்போன உள்பக்கச் சரிவு அப்படியே சரிஞ்சிடும். கரைமேல பெரிய மரம் நின்னா நிழல்னு சந்தோஷப்படாதீங்க, வேர் செத்து மக்கினா அந்த ஓட்டை வழியாவே தண்ணி பாதை பிடிச்சுக்கும்.

சாதாரண ஹோம் இன்ஸ்பெக்ஷன்ல கரையெல்லாம் பார்க்க மாட்டாங்க. அதனால கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி ஹெச்ஓஏகிட்ட கரை எந்த கேட்டகிரி, கடைசி இன்ஸ்பெக்ஷன் ரிப்போர்ட் எங்க, கரைக்குன்னு தனியா எவ்வளவு ரிசர்வ் பணம் வச்சிருக்காங்க, இந்த மூணையும் எழுத்துல வாங்கிடுங்க.