பாலியல் சுற்றுலா: அறை கொடுப்பவருக்கும் சட்டம் வைத்திருக்கும் கடமை

பாலியல் உறவு தேடி வேறு ஊருக்கோ நாட்டுக்கோ போவதுதான் பாலியல் சுற்றுலா. இதைப் பற்றிப் பேசும்போது, பாலியல் தொழிலே இந்தியாவில் குற்றம் என்று பலரும் எண்ணுகிறார்கள். அப்படி இல்லை. 1956ஆம் ஆண்டு விபச்சாரத் தடுப்புச் சட்டம் குறிவைப்பது விபச்சார விடுதி நடத்துபவரை, ஆள் பிடித்துத் தரும் தரகரை, அந்தப் பணத்தில் பிழைப்பவரை. பொது இடத்தில் ஆள் அழைப்பதும், கோயில், பள்ளி, மருத்துவமனை போன்றவற்றிலிருந்து 200 மீட்டருக்குள் தொழில் நடத்துவதும் தண்டனைக்குரியவை. வயது வந்த பெண் தானாக விரும்பிச் செய்வது மட்டும் குற்றமாகாது. போலீசார் அத்தகைய பெண்களைத் துன்புறுத்தக் கூடாது, ஊடகங்கள் அவர்களுடைய அடையாளத்தை வெளியிடக் கூடாது என்று 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அதற்குப் பிறகும் ‘அழகிகள் சிக்கினர்’ என்று தலைப்பிடுவது வெட்கக்கேடு.

18 வயது நிரம்பாதவர் என்றால் சட்டம் முற்றிலும் வேறு. அங்கே சம்மதம் என்ற பேச்சுக்கே இடமில்லை; பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டம் பாயும். குழந்தையைத் தேடி வரும் பயணிக்கு முதலில் வேண்டியது ஒரு அறை. அதனால் லாட்ஜ்காரரின் கண் மிக முக்கியமானது. குற்றம் நடந்தது தெரிந்தாலும், நடக்கக்கூடும் என்ற அச்சம் எழுந்தாலும் போலீசுக்குச் சொல்வது எல்லோருக்கும் கட்டாயம். மறைத்தால் ஆறு மாதம் வரை சிறை. தன்கீழ் வேலை செய்பவரின் குற்றத்தை நிறுவனத் தலைவர் மறைத்தால் ஓராண்டு வரை. நல்லெண்ணத்தோடு தகவல் தந்தவர் மீது வழக்குத் தொடர முடியாது. வம்பு எதற்கு என்று ஒதுங்குபவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

கோவா இதில் இன்னும் ஒரு படி மேலே போனது. அங்கே அநாதை இல்லம் என்ற பெயரில் சிறுவர்கள் வெளிநாட்டுப் பயணிகளுக்கு இரையாக்கப்பட்டது 1991இல் அம்பலமானது. அதை நடத்தியவருக்கு 1996இல் ஆயுள் தண்டனை கிடைத்தது. 2003இல் அந்த மாநிலம் தனிக் குழந்தைகள் சட்டமே இயற்றியது. குடும்பத்தினரோ இரத்த உறவினரோ உடன் தங்குவதாகப் பதிவு இல்லாமல் எந்தக் குழந்தையையும் ஹோட்டல் அறைக்குள் அனுமதிக்கக் கூடாது என்பது அதன் விதி. எல்லாச் சுற்றுலா ஊர்களுக்கும் இந்த விதி வர வேண்டும். 2010இல் மத்திய சுற்றுலா அமைச்சகம் கொண்டுவந்த நடத்தை நெறியும் குழந்தைகளைக் காப்பது பற்றிப் பேசுகிறது. ஆனால் அது சட்டம் அல்ல.

சந்தேகம் எழுந்தால் சாட்சி தேடிக் காத்திருக்க வேண்டாம். குழந்தைகளுக்கு 1098, அவசர உதவிக்கு 112. மீட்கப்படும் பெண்கள் தங்க மத்திய அரசின் ‘சக்தி சதன்’ இல்லங்கள் இருக்கின்றன.