சிறு தராசும் ஒரு படிக்கல்லும்

கும்பகோணத்துப் பட்டறை ஒன்றில் பத்தர் ஒருவர், அரம் ராவிய பொன்தூளைத் தூரிகையால் கூட்டியெடுத்து, புதிதாக வாங்கிய கையடக்க டிஜிட்டல் தராசின் தட்டில் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவினார். தட்டில் பொன் மின்னியது, திரையில் 0.00 என்ற எண் அசையவே இல்லை. ஏமாந்துவிட்டோமோ என்று அவர் கவலைப்பட்டார். தராசில் பழுதேதும் இல்லை. ஆனால் அது என்ன செய்துகொண்டிருந்தது என்பதை விலை மலிவான தராசு வாங்கும் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும்.

இத்தகைய தராசின் உள்ளே விரல் நீள அலுமினியக் கட்டை ஒன்று இருக்கிறது. லோடு செல் எனப்படும் அதன் ஒரு முனை அடிப்பாகத்தோடும் மறுமுனை தட்டோடும் திருகப்பட்டிருக்கும். தட்டில் பொருளை வைத்தால் கட்டை கண்ணுக்குத் தெரியாத அளவு வளைகிறது. அதன்மேல் ஒட்டப்பட்டுள்ள மெல்லிய உலோக இழைகள் சில நீண்டும் சில சுருங்கியும் தம் மின்தடையை மாற்றிக்கொள்கின்றன. பள்ளியில் படித்த வீட்ஸ்டோன் சமனச்சுற்றாகவே அவை இணைக்கப்பட்டிருப்பதால், அந்த நுண்ணிய மாற்றம் மின்னழுத்த வேறுபாடாக வெளிப்படுகிறது. முழு எடைக்கும் கிடைப்பது சில மில்லிவோல்ட் மட்டுமே. 100 கிராம் தராசு 0.01 கிராமைக் காட்ட வேண்டுமானால், அந்தச் சில மில்லிவோல்ட்டைப் பத்தாயிரம் கூறாக்கி ஒரு கூற்றைப் பிரித்தறிய வேண்டும்; அக்கூறு ஒரு மைக்ரோவோல்ட்டுக்கும் குறைவு.

அவ்வளவு சிறிய மின்னழுத்தத்தை அறை வெப்பமே கலைத்துவிடும். சித்திரை வெயிலில் தகரக் கூரையின் கீழ் கட்டையும் பசையும் சூடேறும்போது, தட்டு வெறுமையாக இருந்தாலும் எண் மெல்ல நகரும். இதை மறைப்பதற்காகவே, பூச்சியத்தின் அருகே மிக மெதுவாக ஏற்படும் மாற்றத்தை எடையாகக் கொள்ளாமல் மீண்டும் பூச்சியமாக்கும் நிரல் தராசில் வைக்கப்பட்டுள்ளது. பத்தர் தூவிய தூளை அந்த நிரலே விழுங்கியது. இதைத் தவிர்க்க, வெறும் தட்டின்மேல் ஏதேனும் ஒரு சிறு பொருளை வைத்து, பூச்சியப் பொத்தானை அழுத்தாமல் அது காட்டும் எண்ணைக் குறித்துக்கொண்டு, பிறகு தூளைச் சேர்த்துக் கழித்துப் பார்த்தால் போதும். தட்டைத் தூக்கித் தூளிட்டு மீண்டும் வைப்பதும் பயன்தரும்.

துப்பாக்கிக் குண்டுகளைத் தாமே நிரப்பச் சட்டம் இடந்தரும் நாடுகளில், வெடிமருந்தைச் சிறிது சிறிதாகக் கொட்டி நிறுக்கும் துப்பாக்கி சுடும் வீரர்களும் இதே சிக்கலைச் சந்திக்கிறார்கள். இத்தராசுகளில் கிரெயின் என்ற அலகு இருப்பது அவர்களுக்கும் பயன்படுகிறது. ஒரு பவுண்டில் 7000 கிரெயின். ஒரு கிரெயின் 0.0648 கிராம். அவர்கள் நாடும் நுட்பம் 0.1 கிரெயின், அதாவது ஏறத்தாழ 6.5 மில்லிகிராம். எனவே 0.01 கிராம் தராசு அவர்களுக்குப் போதாது, 0.001 கிராம் வகையே வேண்டும். அவ்வகையிலும் மலிவானவற்றின் கடைசி இலக்கத்தை நான் நம்பமாட்டேன். திரையில் இலக்கம் கூடுவதால் மட்டும் உண்மை கூடிவிடுவதில்லை.

உண்மையைக் கூட்டுவது, எடை துல்லியமாகத் தெரிந்த படிக்கல். தராசு உணர்வது நிறையை அன்று, புவி அந்நிறையை இழுக்கும் விசையை. அவ்விசையோ இடத்துக்கு இடம் மாறுகிறது. காவிரிப் படுகை ஏறத்தாழ 11 பாகை வட அகலாங்கில் இருக்கிறது. 22 பாகைக்குச் சற்று மேலுள்ள சீனத்தின் ஷென்சென் நகரில் சரிசெய்த தராசை அப்படியே தஞ்சாவூருக்குக் கொண்டுவந்தால், 100 கிராமுக்கு 0.06 கிராம் அளவு குறைத்துக் காட்டும். லண்டனில் சரிசெய்ததானால் 0.3 கிராம் குறையும். எட்டுக் கிராம் பவுனில் ஷென்சென் பிழை ஏறத்தாழ 5 மில்லிகிராம். பயன்படுத்தும் இடத்திலேயே படிக்கல்லை வைத்துச் சரிசெய்துவிட்டால் இந்தப் பிழை முழுவதும் நீங்கிவிடும். தராசின் விலையில் கொஞ்சம் குறைத்தாவது நல்ல படிக்கல் வாங்குங்கள் என்றே சொல்வேன். படிக்கற்களின் துல்லியத் தரங்களில் ஒன்றான எம்1 தரத்து 100 கிராம் கல்லில் அனுமதிக்கப்படும் பிழை 5 மில்லிகிராம், 0.01 கிராம் தராசுக்கு அது தாராளம். கல்லை விரலால் தொடாமல் இடுக்கியால் எடுக்க வேண்டும்; வியர்வையும் எண்ணெயும் எடையுள்ளவை. தேய்ந்த நாணயம் படிக்கல் ஆகாது.

வாங்கும்போது கொள்ளளவு பெரிதாக இருப்பதைச் சிறப்பென்று எண்ண வேண்டாம். 50 கிராமுக்குள் நிறுப்பவருக்கு 500 கிராம் தராசால் பயனில்லை. காற்றுமறைப்பு மூடி இருப்பது நல்லது, ஏனெனில் மின்விசிறிக் காற்று தட்டை அழுத்தும். டிஎல் (tl) என்று குறித்த அலகு பல தராசுகளில் நம் தோலாவைக் குறிப்பதில்லை. 37 கிராமைத் தாண்டும் சீன டேலையே குறிக்கிறது. தோலா 11.66 கிராம் மட்டுமே. மேலும், விற்பனைக்கு நிறுக்கும் தராசு 2009-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டப்படி முத்திரை பெற்றிருக்க வேண்டும். கையடக்கத் தராசு பட்டறைக்குள் சரிபார்க்க மட்டுமே.

கடையிலேயே தராசை இயக்கிக் கால்மணி நேரம் விட்டு, கைப்பேசியைத் தள்ளி வைத்துவிட்டு, ஒரே கல்லைப் பத்து முறை வைத்து எடுத்துப் பாருங்கள். பிறகு தட்டின் நான்கு ஓரங்களிலும் வைத்துப் பாருங்கள். ஓரத்துக்கு ஓரம் எண் மாறினால் அந்தத் தராசைப் படிக்கல்லாலும் திருத்த முடியாது.