கொறடாவின் கணக்கு

கொறடா என்றால் சாட்டை. வண்டிக்காரரின் கையில் இருந்த பொருள், இன்று சட்டப்பேரவையில் ஒரு பதவியின் பெயர். இங்கிலாந்தில் நரி வேட்டைக்குப் போகிறவர்கள், கூட்டத்தைவிட்டு விலகி ஓடும் நாய்களைச் சாட்டையால் மடக்கித் திருப்பி ஓட்டிவர ஓர் ஆளை வைத்திருந்தார்கள். அந்த ஆளின் பெயரைத்தான் பிரிட்டிஷ் நாடாளுமன்றம், ஒரு கட்சியின் உறுப்பினர்களைக் கட்சி சொன்னபடி வாக்களிக்கவைக்கும் பொறுப்பாளருக்குச் சூட்டியது. நாம் அதைத் தமிழாக்கிக்கொண்டோம். இந்த உவமையில் உறுப்பினர்களுக்குக் கிடைத்த இடம் எது என்று யாரும் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

மக்கள் வாக்களித்து அனுப்பிய ஒருவருக்குச் சாட்டை எதற்கு? இதற்கு விடை கணக்கில் இருக்கிறது.

அமெரிக்க அதிபரின் பதவிக்காலம் நான்கு ஆண்டு. அவர் விரும்பும் மசோதாவை அந்நாட்டு நாடாளுமன்றம் தோற்கடித்தாலும், மறுநாள் காலையில் அவர் அதே நாற்காலியில்தான் இருப்பார். நம்முடைய முறையில் முதலமைச்சருக்கும் பிரதமருக்கும் அந்த நிம்மதி கிடையாது. அவையில் பெரும்பான்மை இருக்கும் வரைதான் ஆட்சி. பட்ஜெட் ஒன்று தோற்றால் போதும், அமைச்சரவை வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

தமிழ்நாடு சட்டப்பேரவையில் 234 இடங்கள். ஓர் அரசுக்கு 120 பேர் ஆதரவு, எதிர்ப்பக்கம் 114 பேர் என்று வைத்துக்கொள்வோம். சபாநாயகரின் வாக்கை இப்போதைக்குத் தனியாகப் பிரிக்க வேண்டாம். நான்கு பேர் பக்கம் மாறினால் 116-க்கு 118, ஆட்சி கவிழ்ந்துவிடும். கட்சி என்று ஒன்றே இல்லாமல், 120 பேரும் தனித்தனி ஆட்களாக இருந்தால், அந்த நான்கு பேர் யாராக வேண்டுமானாலும் இருக்கலாம். 120 பேரிலிருந்து நான்கு நான்கு பேராக எத்தனை விதமாகப் பொறுக்கலாம் என்று கணக்கிட்டால் 82,14,570 என்று வருகிறது. அதாவது ஆட்சியைக் கவிழ்க்கக்கூடிய நால்வர் அணிகள் 82 லட்சத்துக்கும் மேல். ஒருவருக்குத் தன் ஊருக்குப் பாலம் வேண்டும், இன்னொருவருக்கு மைத்துனருக்கு ஒப்பந்தம் வேண்டும். அந்த முதலமைச்சர் கோப்பில் கையெழுத்துப் போட நேரம் ஏது?

இப்போது அதே 120 பேர், 100 பேர் கொண்ட ஒரு கட்சியும் 20 பேர் கொண்ட ஒரு கட்சியுமாக இருக்கிறார்கள் என்று கொள்ளுங்கள். ஒவ்வொரு கட்சியும் ஒரே கையாக உயரும் என்றால், பேசித் தீர்க்க வேண்டிய உறவு ஒன்றே ஒன்றுதான். கொள்கை, கொடி, தலைவரின் படம் எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், அவைக்குள் கட்சி செய்யும் வேலை இதுதான்: வாக்கெடுப்பின் முடிவை வாக்கெடுப்புக்கு முன்பே ஏறக்குறைய சொல்ல முடிகிற நிலையை உண்டாக்குவது. அந்த உறுதி இருந்தால்தான் ஓர் அமைச்சர் மூன்று ஆண்டுத் திட்டம் ஒன்றை அறிவிக்க முடியும். தேர்தலின்போது ஒரு சின்னத்தைப் பார்த்து வாக்களித்தவரும், அந்த வாக்கு எந்தப் பக்கம் போய்ச் சேரும் என்று நம்ப முடியும்.

இதை நாள்தோறும் நடத்திக்கொடுப்பவர் கொறடா. எந்த நாளில் எந்த மசோதா வருகிறது, யார் ஊரில் இல்லை, யார் மருத்துவமனையில் இருக்கிறார், யார் முகம் வாடியிருக்கிறது என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். பிரிட்டனில் இதற்கு ஒரு கோட்டு மொழியே உண்டு. உறுப்பினருக்கு அனுப்பும் தாளில் ஒரு கோடு போட்டிருந்தால் தகவல் மட்டும். இரண்டு கோடு என்றால் வந்தே ஆக வேண்டும். மூன்று கோடு என்றால் வரவும் வேண்டும், கட்சி சொன்னபடி வாக்களிக்கவும் வேண்டும்.

ஆனால் அங்கே சாட்டையின் வீச்சு கட்சி வாசலோடு நின்றுவிடுகிறது. 2019 ஜனவரி 15 அன்று பிரதமர் தெரசா மே கொண்டுவந்த, ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகுவதற்கான பிரெக்சிட் ஒப்பந்தம் 202-க்கு 432 என்று தோற்றது. எதிர்த்து வாக்களித்தவர்களில் 118 பேர் அவருடைய சொந்தக் கட்சிக்காரர்கள். மறுநாளே நம்பிக்கையில்லாத் தீர்மானம் வந்தபோது, அதே 118 பேரும் மற்றவர்களோடு சேர்ந்து நின்று 325-க்கு 306 என்று அவரைக் காப்பாற்றினார்கள். உங்கள் ஒப்பந்தம் வேண்டாம், உங்கள் ஆட்சி இருக்கட்டும் என்று ஒரே வாரத்தில் இரண்டு பதில் சொல்ல அங்கே இடம் இருக்கிறது. அந்த ஆண்டு செப்டம்பரில் அடுத்த பிரதமர் போரிஸ் ஜான்சன், கட்சியை மீறி வாக்களித்த 21 உறுப்பினர்களைக் கட்சியின் நாடாளுமன்றக் குழுவிலிருந்து நீக்கினார். அவர்களுடைய எம்.பி. பதவியை அவரால் தொட முடியவில்லை.

இந்தியாவில் கதை வேறு. 1950-இல் நடைமுறைக்கு வந்தபோது நம் அரசியலமைப்புச் சட்டத்தில் அரசியல் கட்சி என்ற சொல்லே கிடையாது. அது உள்ளே நுழைந்தது ஒரு நோய்க்கு மருந்தாக. 1967-இல் ஹரியானாவில் கயா லால் என்ற உறுப்பினர் பதினைந்து நாளில் மூன்று முறை கட்சி மாறினார். 'ஆயா ராம், கயா ராம்' என்ற கேலி அங்கிருந்துதான் நாடெங்கும் பரவியது. மாநிலங்களில் ஆட்சிகள் சீட்டுக்கட்டுபோலச் சரிந்தன. 1985-இல் ராஜீவ் காந்தி அரசு 52-ஆவது திருத்தத்தால் பத்தாவது அட்டவணையை, அதாவது கட்சித் தாவல் தடைச் சட்டத்தை, சேர்த்தது. தானாகக் கட்சியைக் கைவிட்டாலோ, கட்சியின் உத்தரவை மீறி வாக்களித்தாலோ, வாக்களிக்காமல் இருந்தாலோ, உறுப்பினர் பதவியே போகும். உத்தரவை மீறியவரைப் பதினைந்து நாளுக்குள் கட்சி மன்னித்துவிட்டால் மட்டும் தப்பலாம்.

முதலில் மூன்றில் ஒரு பங்கு உறுப்பினர்கள் சேர்ந்து பிரிந்தால் குற்றமில்லை என்று ஒரு விலக்கு இருந்தது. சில்லறையாகத் தாவினால் தண்டனை, மொத்தமாகத் தாவினால் மரியாதை. 2003-இல் 91-ஆவது திருத்தம் அதை எடுத்துவிட்டது. மூன்றில் இரண்டு பங்கினர் இன்னொரு கட்சியோடு இணையலாம் என்ற வழி மட்டும் மிஞ்சியது.

இந்தச் சட்டத்தின் மிகப் பெரிய குறை, எல்லா வாக்கையும் ஒரே தராசில் நிறுப்பது என்பேன். ஆட்சியைக் கவிழ்க்கும் வாக்கும், ஒரு மசோதாவின் ஏழாவது பிரிவு பிடிக்கவில்லை என்று சொல்லும் வாக்கும் இங்கே ஒன்றுதான். 1992-இல் கிஹோட்டோ ஹொல்லோஹன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சட்டத்தை ஏற்றுக்கொண்டது. ஆனால் நம்பிக்கை வாக்கெடுப்பு, கட்சி மக்களிடம் சொல்லி வாக்குக் கேட்ட அடிப்படைக் கொள்கை ஆகியவற்றோடு தகுதிநீக்கத்தை நிறுத்திக்கொள்வது நல்லது என்றும் சொன்னது. கட்சிகளுக்கு அந்த அறிவுரை காதில் விழவில்லை. ஆளும் கட்சி உறுப்பினர் ஒருவர் தன் தொகுதி விவசாயிகளைப் பாதிக்கும் மசோதாவை எதிர்த்து அரை மணி நேரம் பேசலாம். பேசி முடித்ததும் ஆதரித்துத்தான் வாக்களிக்க வேண்டும். விவாதத்தின் போக்கு முடிவை மாற்றாது என்று எல்லோருக்கும் தெரிந்தபிறகு, காலி இருக்கைகளைப் பார்த்து நாம் அங்கலாய்ப்பது ஏனோ.

சரி, இவ்வளவு கடுமையான சட்டம் ஆட்சிகளையாவது காப்பாற்றுகிறதா? 1999 ஏப்ரல் 17 அன்று, அ.தி.மு.க. ஆதரவை விலக்கிக்கொண்டபின், வாஜ்பாய் அரசு மக்களவையில் 269-க்கு 270 என்று ஒரே வாக்கில் விழுந்தது. எதிர்த்தவர்களில் ஒருவர் தேசிய மாநாட்டுக் கட்சியின் சைபுதீன் சோஸ். அவருடைய கட்சி அரசை ஆதரிக்கச் சொல்லியிருந்தது. மீறினார், கட்சியிலிருந்து நீக்கப்பட்டார், ஆனால் அவர் போட்ட வாக்கு செல்லும். சட்டத்தின் சாட்டை வாக்கு விழுந்தபிறகுதான் சுழலும். எண்ணிக்கை முடிந்த கணத்தில் ஆட்சி போய்விடுகிறது. தண்டனை பிறகு மெதுவாக வருகிறது. சட்டம் விட்டுவைத்த அந்த இடைவெளியை நிரப்பத்தான், வாக்கெடுப்பு வரை உறுப்பினர்களைப் பூட்டிவைக்கும் சொகுசு விடுதிகள் இருக்கின்றன. 2017 பிப்ரவரியில் அ.தி.மு.க. உறுப்பினர்களை ஏற்றிக்கொண்டு கூவத்தூர் விடுதிக்குப் போன பேருந்துகளை நாம் தொலைக்காட்சியில் பார்த்தோமே.

அந்த மாதம் 18 அன்று எடப்பாடி பழனிசாமி 122-க்கு 11 என்று நம்பிக்கை வாக்கில் வென்றார். எதிர்த்து வாக்களித்த 11 பேரும் ஓ. பன்னீர்செல்வம் அணியின் அ.தி.மு.க. உறுப்பினர்கள். அவர்கள் பதவி போகவில்லை. ஆகஸ்டில், அதே கட்சியின் இன்னோர் அணியினர் ஆளுநரைச் சந்தித்து, முதலமைச்சருக்கான ஆதரவை விலக்கிக்கொள்வதாகக் கடிதம் கொடுத்தார்கள். அவையில் ஒரு வாக்குகூட அவர்கள் மாற்றிப் போடவில்லை. செப்டம்பர் 18 அன்று அவர்களில் 18 பேரைச் சபாநாயகர் தகுதிநீக்கம் செய்தார். கட்சியைத் தாமாகவே கைவிட்டார்கள் என்பது காரணம். உயர் நீதிமன்றத்தில் முதலில் இரு நீதிபதிகள் இரு விதமாகத் தீர்ப்புச் சொல்ல, 2018 அக்டோபரில் மூன்றாவது நீதிபதி தகுதிநீக்கத்தை உறுதிசெய்தார். சட்டத்தின் வாசகம் இரு தரப்புக்கும் ஒன்றுதான். அதை எப்போது, யார்மேல் கையிலெடுப்பது என்ற முடிவு சபாநாயகரிடம் இருந்தது. அவரும் ஒரு கட்சியின் சீட்டில் வென்று வந்தவர்தான்.

ஒரு கட்சி இரண்டாக உடையும்போது இன்னொரு சிக்கல் முளைக்கிறது. இரு அணியும் ஆளுக்கொரு கொறடாவை அறிவித்து, மற்ற அணிக்கு உத்தரவு அனுப்பும். எது செல்லும்? மகாராஷ்டிரத்தில் சிவசேனா உடைந்த வழக்கில் 2023 மே மாதம் உச்ச நீதிமன்றம் இதற்கு விடை சொன்னது: கொறடாவை நியமிக்கும் உரிமை அவைக்கு வெளியே இருக்கும் அரசியல் கட்சிக்குத்தான், அவைக்குள் இருக்கும் சட்டமன்றக் கட்சிக்கு இல்லை. உள்ளே எத்தனை பேர் ஒரு பக்கம் சாய்ந்தாலும், சாட்டையின் பிடி வெளியேதான் இருக்கும். ஆனால் வெளியே இருக்கும் அந்தக் கட்சி எது, யாருடையது என்ற கேள்வியை அந்த வழக்கில் 2024 ஜனவரியில் தீர்மானித்தவர், மறுபடியும், சபாநாயகர்.