அளவீட்டுப் பிழை

உசிலம்பட்டிப் பக்கம் நான் வேலை பார்க்கும் பள்ளியில், காலாண்டு விடைத்தாள் கொடுத்த அன்று ஒரு தாய் வந்து கேட்டார்: "எம்மவன் 34 எடுத்திருக்கான் சார். ஒரு மார்க்குல பெயிலு. திருத்துனதுல தப்பு ஏதும் இல்லையே?" கூட்டிப் பார்த்தேன். தப்பு இல்லை. ஆனால் பிழை இருந்தது.

அதே பையன் அதே பாடத்தில், அதே தரத்தில் வேறொரு வினாத்தாளை எழுதியிருந்தால் அதே 34 வந்திருக்கும் என்று சொல்ல முடியாது. படித்த கேள்வி வருவது, முதல் நாள் காய்ச்சல், திருத்துபவரின் கை என்று தற்செயலாக ஏறி இறங்கும் இந்த அளவுக்குத்தான் அளவீட்டுப் பிழை என்று பெயர்.

ஆங்கிலத்தில் 'எர்ரர்'. அதன் லத்தீன் மூலத்துக்கு அலைதல், வழி மாறித் திரிதல் என்று பொருள். ஒரே விண்மீனை அளந்தாலும் ஒவ்வொரு தடவையும் சற்றே மாறி வரும் அளவுகளுக்காக வானியலாளர்கள் வளர்த்த கணக்கை, 1888இல் பொருளியலாளர் பிரான்சிஸ் எட்ஜ்வொர்த் தேர்வு மதிப்பெண்களுக்குக் கொண்டுவந்தார்.

தமிழில் இதை 'அளவீட்டுத் தவறு' என்று சொன்னால் எனக்கு உடன்பாடில்லை. குறி தவறுதல் என்று வினையாக வரும்போது சரி. 'தவறு' என்று பெயராக நின்றால் 'யார் செய்தது?' என்ற கேள்விதான் முதலில் எழும். பிழைக்கும் இன்று குற்றம் என்ற பொருள் உண்டு. ஆனாலும் 'யானை பிழைத்த வேல்' என்கிறது 772ஆம் குறள். யானைமேல் எறிந்து குறி தப்பிய வேல். எறிந்தவனை வள்ளுவர் குறை சொல்லவில்லை, அந்த வேலை ஏந்துவதே இனிது என்கிறார். மதிப்பெண்ணும் பிள்ளையின் அறிவை நோக்கி எறிந்த வேல்தான். கொஞ்சம் தள்ளித்தான் விழும்.

எவ்வளவு தள்ளி என்பதற்குக் கணக்கு இருக்கிறது. 1இலிருந்து தேர்வின் நம்பகத்தன்மைக் கெழுவை (மறுபடி வைத்தாலும் மதிப்பெண்கள் எவ்வளவு மாறாமல் வரும் என்று 0 முதல் 1 வரை சொல்லும் எண்) கழித்து, வர்க்கமூலம் எடுத்து, மதிப்பெண்களின் திட்ட விலக்கத்தால் (அவை சராசரியைச் சுற்றி எவ்வளவு பரவியிருக்கின்றன என்ற அளவு) பெருக்க வேண்டும். கெழுவைக் காண 1951இல் வந்த குரோன்பாக் ஆல்ஃபா போன்ற வழிகள் உண்டு. கெழு 0.91, திட்ட விலக்கம் 10 என்று வைத்துக்கொள்வோம். 0.09இன் வர்க்கமூலம் 0.3, ஆக, வழக்கமாகத் தள்ளி விழும் அளவு, அதாவது திட்டப் பிழை, 3 மதிப்பெண். 0.91 என்பது நல்ல தேர்வு. அதிலேயே 34 என்பது ஏறத்தாழ 31 முதல் 37 வரை பரவி நிற்கிறது. தேர்ச்சிக்கான 35 அதற்குள்ளேயே கிடக்கிறது!

"தப்பு இல்லைம்மா. ஆனா பையன் 35க்கு மேலயா கீழயான்னு இந்த ஒரு தாளை வச்சுச் சொல்ல முடியாது" என்றேன். அப்புறம் அரையாண்டுக்குள் நான்கு தேர்வுகள் வைத்தேன். ஒரே தரத்தில் நான்கு வைத்துச் சராசரி எடுத்தால் அந்த 3, நான்கின் வர்க்கமூலமான 2ஆல் வகுபட்டு ஒன்றரையாகக் குறையும்.