ராடில் இருக்கும் எண்ணை விடுங்கள், லைனை எடை போடுங்கள்

"அண்ணே, இதுக்கு எத்தனை பவுண்டு நரம்பு ஏத்தணும்?" முள்ளில் இறகும் நூலும் சுற்றிய ஃப்ளையை வீசும் தூண்டில் கம்பான ஃப்ளை ராடு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் ஆரம்பிக்கிறார்கள். கேள்வியிலேயே சிக்கல் இருக்கிறது.

ராயபுரத்தில் ராடு, ரீல் பழுது பார்ப்பது என் தொழில். வருவதில் முக்கால்வாசி ஸ்பின்னிங் ராடுதான். காசிமேடு பக்கம் கடலுக்குள் கல் கொட்டிய தூண்டில் வளைவுகளில் நின்று பாறை மீனுக்கும் ஷீலா மீனுக்கும் லூர் என்ற போலி இரையை வீசுகிறவர்கள், எண்ணூர் முகத்துவாரத்தில் கொடுவாவுக்குக் காத்திருக்கிறவர்கள். கொஞ்ச காலமாக ஃப்ளை ராடும் எட்டிப்பார்க்கிறது. துபாயிலிருந்து மச்சான் கொண்டுவந்தது, ஆன்லைன் தள்ளுபடியில் எடுத்தது, யாரோ வேண்டாம் என்று கொடுத்தது. ராடு ஒரு பக்கம் வந்திருக்கும், லைன் வேறு பக்கம் வந்திருக்கும். இரண்டும் ஒத்துப்போகுமா என்று யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். வீச்சு சரியாக விழவில்லை என்றால் பழி ராடின் மேல். "வேற நல்ல ராடா சொல்லுங்கண்ணே" என்பார்கள். பாதி நேரம் ராடில் ஒரு குறையும் இருக்காது.

ஸ்பின்னிங்கில் லூரின் கனம் நரம்பை இழுத்துக்கொண்டு போகிறது. ஃப்ளையில் இது தலைகீழ். முள்ளில் இறகும் நூலும் சுற்றிய ஃப்ளைக்குக் கனம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் கிடையாது. பூச்சுப் பூசிய தடித்த லைனின் கனம்தான் ராடை வளைத்து, ஃப்ளையையும் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. அதனால் ஃப்ளை ராடில் சாதாரண நரம்பைச் சுற்றினால் வேலைக்கு ஆகாது. கைப்பிடிக்கு மேலே 8 என்று எழுதியிருந்தால் அது 8 அடியும் இல்லை, 8 கிலோவும் இல்லை, நரம்பின் பலமும் இல்லை. எட்டாம் எண் லைனைச் சுமக்கும் ராடு என்று அர்த்தம்.

அந்த எட்டாம் எண் எங்கிருந்து வந்தது? பட்டு லைன் காலத்தில் தடிமனை வைத்து ஆங்கில எழுத்துகளால் குறித்தார்கள். நைலானும் பிளாஸ்டிக் பூச்சும் வந்த பிறகு ஒரே தடிமனில் வேறு வேறு கனத்தில் லைன்கள் வந்தன. எழுத்துக் கணக்கு குழம்பிப்போனது. அதனால் 1960-ஐ ஒட்டி அமெரிக்கத் தூண்டில் சாமான் உற்பத்தியாளர் சங்கம் எடைக் கணக்குக்கு மாறியது. லைனின் முன்பக்கம் 30 அடி, அதாவது 9.14 மீட்டர், என்ன எடை இருக்கிறதோ அதுதான் எண். நுனியில் சரிவு இல்லாமல் ஒரே தடிமனாக இருக்கும் சின்னத் துண்டு மட்டும் கணக்கில் வராது. அவர்கள் கிரெய்ன் என்ற அளவில் சொன்னதைக் கிராமுக்கு மாற்றினால் 5-ம் எண் 9.1 கிராம், 6-ம் எண் 10.4, 7-ம் எண் 12, 8-ம் எண் 13.6, 9-ம் எண் 15.6, 10-ம் எண் 18.1. நம் கணக்கில் சொன்னால் 5-ம் எண் லைன் ஒரு சவரனுக்குக் கொஞ்சம் மேலே, 10-ம் எண் இரண்டேகால் சவரன். இந்த வித்தியாசத்தில்தான் வீச்சு விழுவதும் விழாததும் இருக்கிறது.

ராடின் மேல் இருக்கும் எண்ணுக்கு இப்படி ஒரு தராசு கிடையாது. செய்தவர் வீசிப் பார்த்துப் போட்ட எண் அது. ஒரு கம்பெனியின் 8 இன்னொரு கம்பெனியின் 7 போல இருக்கும், 9 போலவும் இருக்கும். லைன் பெட்டியின் எண்ணையும் இப்போது அப்படியே நம்ப முடியாது. விறைப்பான ராடுகளுக்காக அரை எண், ஒரு எண் கூட்டித்தான் பல லைன்களைச் செய்கிறார்கள். மலிவுச் செட்டுகளில் அதுவும் யோசித்துச் செய்ததாக இருக்காது.

அதனால் கையில் காசு குறைவாக இருப்பவருக்கு நான் முதலில் சொல்வது, ஒரு பாக்கெட் தராசு வாங்குங்கள். நகை நிறுக்கும் சின்ன டிஜிட்டல் தராசு சௌகார்பேட்டையில் சல்லிசாகக் கிடைக்கும். வீட்டுத் தரையில் லைனை நீட்டி, நுனியில் சரிவில்லாத அந்தச் சின்னத் துண்டை விட்டு, அதற்கப்புறம் 9.14 மீட்டரில் மார்க்கரால் ஒரு கோடு போடுங்கள். இலேசான பிளாஸ்டிக் கிண்ணத்தைத் தராசில் வைத்துப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, அந்தத் துண்டு போக, கோடு வரைக்கும் உள்ள லைனைச் சுருட்டி அதில் போடுங்கள். மீதி லைன் தராசின் உயரத்துக்கே பக்கத்தில் ஒரு புத்தகத்தின் மேல் தளர்வாகக் கிடக்க வேண்டும். தொங்கினால் அதன் கனமும் சேர்ந்து காட்டும். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். 8-ம் எண் என்றால் 13.1-லிருந்து 14.1 கிராமுக்குள் நிற்க வேண்டும். 15.5 காட்டினால் உங்கள் கையில் இருப்பது 9, பெட்டி என்ன சொன்னாலும் சரி. பெட்டியே இல்லாமல் வந்த பழைய லைனுக்கும் இப்படித்தான் எண் கண்டுபிடிக்கிறேன்.

ராடை நிறுக்க முடியாது, ஒப்பிட்டுப் பார்க்கலாம். வில்லியம் ஹேன்மன் என்ற அமெரிக்கர் ஒரு சென்ட் நாணயங்களை வைத்து இதற்கு ஒரு முறையே வகுத்தார். ராடின் கைப்பிடியை மேசையில் கிடைமட்டமாக இறுக்கிக் கட்டிவிட்டு, நுனியில் சின்னப் பிளாஸ்டிக் பையைத் தொங்கவிட்டு, ராடின் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு நுனி கீழே இறங்கும்வரை நாணயம் போட வேண்டும். 9 அடி ராடு என்றால் 3 அடி. நம்மூர் 5 ரூபாய்க் காசுகளை எண்ணிக் கணக்குப் பார்த்துவிடாதீர்கள். பழைய தடிக் காசு 9 கிராம், புதியது அதைவிட நன்றாகவே இலேசு. பையோடு எடுத்து அதே தராசில் நிறுத்துவிடுங்கள். நண்பரின் ராடு ஒன்று 8-ம் எண் லைனோடு நன்றாக வீசுகிறது என்றால் அதற்கும் இதே சோதனை செய்து, இரண்டு எடையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உங்களுடையது எந்தப் பக்கம் சாய்கிறது என்று தெரிந்துவிடும்.

சரி, பொருந்தவில்லை என்று தெரிந்துவிட்டது. உடனே புது லைன் வாங்க ஓட வேண்டாம். லைன் இலேசாக இருந்தால் ராடு வளையவே வளையாது, வீசுகிறவர் தோளால் தள்ளிக்கொண்டிருப்பார். அதற்குச் செலவில்லாத வைத்தியம், நுனிக்கு வெளியே லைனைக் கூட்டுவது. 8-ம் எண் ராடில் 7-ம் எண் லைன் என்றால் ஒன்று, ஒன்றரை மீட்டர் கூடுதலாக வெளியே விட்டாலே எடை சரியாகிவிடும். லைன் கனமாக இருந்தால் ராடு கார்க் கைப்பிடி வரைக்கும் மடங்கி, லைன் பெரிய வளையமாகத் திறந்து கொட்டிவிடும். அப்போது கொஞ்சம் உள்ளே இழுத்துக்கொள்ளுங்கள். கழிமுகக் கால்வாயில் பத்தடி, பதினைந்தடி தூரத்தில் மடவைக்கு வீசுகிறவருக்கு ஒரு எண் கனமான லைன் உண்மையிலேயே நல்லது. அவ்வளவு கிட்டே வீசும்போது 30 அடி லைன் வெளியே வரப்போவதே இல்லை. சாயங்காலக் கடற்காற்றை எதிர்த்துத் தூரமாக வீசுகிறவருக்கு எடை சரியாக இருப்பதே மேல்.

புதிதாக வாங்குகிறவருக்கு நம் பக்கத்துக்கு நான் சொல்வது ஒரே ஒரு 9 அடி, 8-ம் எண் ராடு. பத்தாயிரத்துக்குள் முடிக்க வேண்டும் என்றால் ராடுக்கும் லைனுக்கும் ஏறக்குறைய சமமாகப் பிரித்துவிட்டு, மிச்சத்தில் ரீல் எடுங்கள். கடையில் பளபளப்பாகத் தெரிவது ரீல்தான், அதனால் பலர் அதில்தான் பணத்தைக் கொட்டுகிறார்கள். சின்ன மீனுக்கு ரீல் லைனைச் சுற்றி வைக்கும் சாமான், அவ்வளவுதான். பெரிய பாறை இழுத்துக்கொண்டு ஓடினால் பிரேக் வேண்டியிருக்கும் என்பது உண்மை. அந்த மீன் மாட்டும்போது அதைப் பற்றிப் பேசுவோம்.

லைனில் காசைச் சேமிக்கப் போய் நம்மூரில் மாட்டிக்கொள்ளும் இடம் வெயில். மலிவுச் செட்டோடு வரும் லைன்களில் நிறைய குளிர்ந்த நீருக்கு, டிரவுட் மீனுக்கு என்று செய்தவை. ஊட்டிக்குப் போகிறவருக்கு அது சரி. கத்திரி வெயிலில் தூண்டில் வளைவுக் கருங்கல் மேல் அதைப் போட்டால் பூச்சு இளகி, பிசுபிசுத்து, ராடின் வளையங்களில் ஒட்டிக்கொண்டு நகராது. என்னிடம் வந்த "கெட்டுப்போன ராடு" பலவற்றுக்கு நோய் இதுதான். பெட்டியில் டிராபிகல், அதாவது வெப்பப் பகுதிக்கு, என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள், உள்நூல் விறைப்பாகவும் பூச்சு கெட்டியாகவும் இருக்கும். இதில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள்.

மிச்சம் பிடிக்க வேறு இடங்கள் உண்டு. டபுள் டேப்பர் லைன் என்று ஒன்று, இரண்டு நுனியும் ஒரே மாதிரி சரிந்திருக்கும். பெரும்பாலும் 27 மீட்டர் நீளம். நண்பர்கள் இரண்டு பேர் சேர்ந்து வாங்கி நடுவில் வெட்டிக்கொண்டால் ஆளுக்குப் பதின்மூன்று மீட்டருக்கு மேல் வரும். பின்னால், ரீலில் அடியில் சுற்றும் பேக்கிங் நூலைக் கட்டிக்கொண்டால் கால்வாய் மீனுக்குப் போதும். டிராபிகல் வகையில் இது சுலபமாகக் கிடைக்காது, கண்ணில் பட்டால் விடாதீர்கள். லைனுக்கும் ஃப்ளைக்கும் நடுவே கட்டும் லீடர் நரம்பைக் காசு கொடுத்து வாங்கவே வேண்டாம். தடித்த நரம்பு 60 பங்கு, நடுத்தரம் 20, மெல்லியது 20 என்று முடிந்து 9 அடிக்கு நீங்களே செய்துகொள்ளலாம். அப்புறம், இழுத்த லைன் கல்லில் கிடந்தால் சிப்பி அறுத்துவிடும். இடுப்பில் பெல்ட்டோடு ஒரு பிளாஸ்டிக் கூடையைக் கட்டி அதற்குள் விழவிடுங்கள். பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

எண்ணூர்ப் பக்கம் போகிறவர்களுக்கு ஒன்று கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். கார்பன் ராடில் மின்சாரம் பாயும். கழிமுகத்துக்குள்ளேயே உயர் அழுத்த மின்கம்பிகள் போகின்றன. 9 அடி ராடைத் தூக்கிப் பின்னால் வீசும் வித்தை இது, அதனால் தலைக்கு மேலே பார்க்காமல் ராடைப் பூட்டவே பூட்டாதீர்கள். இடி இடித்தால் ராடைக் கீழே வைத்துவிட்டு விலகிப் போங்கள். கண்ணாடியும் தொப்பியும் இல்லாமல் வீசாதீர்கள், பின்னால் போகும் முள் காதுக்கு ரொம்பக் கிட்டேதான் போகிறது.

வீட்டுக்கு வந்ததும் லைனைச் சோப்புத் தண்ணீரில் அலசி, நல்ல தண்ணீர் விட்டு, நிழலில் காயவையுங்கள். கொசு மருந்தும் சன்ஸ்கிரீனும் தடவிய கையால் லைனைத் தொடக்கூடாது, பூச்சை அரித்துவிடும். பெட்ரோலும் அப்படியே. ஃபைபர் படகில் போகிறவர்கள் லைனை எஞ்சின் பக்கம் போட்டுவைக்காமல் இருந்தால் என்னிடம் வரும் வேலை கொஞ்சம் குறையும், பரவாயில்லை.