சிம்பல் பக்கத்துக் காது

செவித்திறன் பரிசோதனைக்கு வரும் ராக் இசைக்கலைஞர்கள் "எனக்குக் காது கேட்கவில்லை" என்று சொல்வது அபூர்வம். "பேசுவது கேட்கிறது, என்ன பேசுகிறார்கள் என்றுதான் பிடிபடவில்லை" என்பார்கள். "ஹோட்டல் அறையில் விளக்கை அணைத்ததும் ஒரு கீச்சொலி ஆரம்பிக்கிறது" என்பார்கள். சிலர் சவுண்ட் எஞ்சினியர் மேல் கோபமாக வருவார்கள், ட்ரெபிளை, அதாவது உயர் ஒலிகளை, குறைத்துவிட்டாராம். எனக்கு அதிகம் கவலை தருவது இந்தக் கடைசி ரகம்தான். குறை காதில் இருக்க, இவர் மிக்ஸரில் ட்ரெபிளை ஏற்றச் சொல்லிக்கொண்டே இருப்பார்.

இவர்களுடைய ஆடியோகிராம், அதாவது எந்த ஒலி எவ்வளவு கேட்கிறது என்று காட்டும் பரிசோதனை வரைபடம், ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். தாழ்ந்த ஒலிகளில் கோடு நன்றாகப் போய்க்கொண்டிருக்கும். 3,000 முதல் 6,000 ஹெர்ட்ஸுக்குள், பெரும்பாலும் 4,000-ஐ ஒட்டி, ஒரு பள்ளம் விழும். மெய்யெழுத்துகளின் கூர்மையில் பெரும்பகுதி அந்த உயர் ஒலிகளில்தான் இருக்கிறது. குரல் வரும், சொல் தெளியாது. இரண்டு காதும் சமமாகக் கெட்டிருக்க வேண்டும் என்றும் இல்லை. பல வருடம் ட்ரம்ஸுக்கு ஒரே பக்கமாக நின்று வாசித்த கிதார்காரருக்கு ட்ரம்ஸின் உலோகத் தட்டான சிம்பல் பக்கத்துக் காதில் பள்ளம் ஆழமாக இருப்பதைப் பார்க்கலாம்.

ஒரு கச்சேரி எவ்வளவு சத்தம் என்று எல்லாரும் கேட்கிறார்கள். எத்தனை மணி நேரம் என்று கேட்பவர்கள் குறைவு. அமெரிக்காவின் தொழில்சார் சுகாதார ஆய்வு நிறுவனமான நியாஷ் வகுத்த வரம்பு, 85 டெசிபல் என்றால் ஒரு நாளைக்கு 8 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். 94-ல் ஒரு மணி நேரம், 100-ல் 15 நிமிடம். ராக் மேடையில் 100-ஐத் தாண்டுவது சாதாரணம். அப்படியானால் இரண்டாவது பாட்டு முடிந்து மூன்றாவது தொடங்கும்போதே அன்றைய கணக்கு தீர்ந்துவிடுகிறது. சவுண்ட் செக், முன்னால் வாசிக்கும் குழுவை மேடையோரம் நின்று கேட்பது, அப்புறம் பஸ்ஸில் ஹெட்ஃபோன், இதெல்லாம் அதற்கு மேல்.

சத்தத்தால் காது கெட்டதற்கு தி ஹூ என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் கிதார்காரர் பீட் டவுன்ஷெண்டை எல்லாரும் உதாரணம் காட்டுவார்கள். 1976-ல் லண்டன் சார்ல்டன் மைதானத்தில் அந்தக் குழு வாசித்தது உலகிலேயே உரத்த கச்சேரி என்று கின்னஸ் புத்தகத்தில் ஏறியது. ஆனால் தன் செவித்திறன் கெட்டதற்கு ஸ்டுடியோ ஹெட்ஃபோனை முக்கியக் காரணமாக டவுன்ஷெண்டே சொல்லியிருக்கிறார். ஏசி/டிசி ராக் குழுவின் பாடகர் பிரையன் ஜான்சன் 2016-ல், முழுக்கக் காது போய்விடும் என்று மருத்துவர்கள் எச்சரித்ததால் சுற்றுப்பயணத்தை நடுவில் நிறுத்தினார். மீதிக் கச்சேரிகளை கன்ஸ் அண்ட் ரோஸஸ் குழுவின் பாடகர் ஆக்ஸல் ரோஸ் பாடினார். ஜான்சனும் தன் கார் பந்தய மோகத்தைக் காரணங்களில் ஒன்றாகச் சொன்னவர். மேடைச் சத்தம், எஞ்சின் சத்தம் என்று காது பிரித்துப் பார்ப்பதில்லை, எல்லாவற்றையும் கூட்டிக்கொள்கிறது. (எல்லாப் பழியையும் சத்தத்தின் மேல் போடவும் கூடாது. 2018-ல் கச்சேரிகளை ரத்து செய்த அமெரிக்கப் பாடகர் ஹூயி லூயிஸுக்கு வந்தது மெனியர் என்ற உள்காது நோய்.)

"மறுநாள் சரியாகிவிடுகிறதே" என்பது நான் அடிக்கடி கேட்கும் பதில். கச்சேரி முடிந்ததும் காது அடைத்து, காலையில் திறந்துவிடுகிறது என்பது உண்மைதான். 2009-ல் குஜாவா, லிபர்மேன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் எலிகளில் இதைப் பார்த்தார்கள். சத்தத்துக்குப் பிறகு கேட்கும் அளவு பழைய நிலைக்குத் திரும்பியது, உள்காதுக்கும் நரம்புக்கும் இடையிலான இணைப்புகளில் பாதியளவு திரும்பவே இல்லை. மனிதர்களில் இது எந்த அளவுக்கு நடக்கிறது என்ற விவாதம் முடியவில்லை. ஆனாலும் ஆடியோகிராம் நார்மல் என்று நான் சொல்லும்போது முகம் மலர்ந்து எழுந்து போகிறவரை உட்காரச் சொல்வது இதனால்தான். ஒலியை நரம்புச் செய்தியாக மாற்றும், மனிதக் காதின் மயிர்ச்செல்கள் செத்தால் மறுபடி முளைப்பதில்லை என்பதில் விவாதம் எதுவும் கிடையாது.

சரி, என்ன செய்யலாம்? மருந்துக்கடை ஸ்பாஞ்ச் அடைப்பான் உயர் ஒலிகளை அதிகமாக வெட்டிவிடும், இசை மந்தமாகும், இரண்டாவது பாட்டிலேயே கழற்றி எறிவார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. இசைக்கலைஞர்களுக்கென்றே உள்ள அடைப்பான்கள் எல்லா ஒலிகளையும் கிட்டத்தட்ட ஒரே அளவில் குறைக்கும். காதுக்கு அச்சு எடுத்துச் செய்து, 9, 15, 25 டெசிபல் ஃபில்டர்களில் தேவையானதைப் போட்டுக்கொள்ளலாம். முதலில் ரிகர்சலில் போட்டுப் பழகுங்கள், முதல் நாளே மேடைக்குக் கொண்டுபோனால் வெறுத்துவிடும்.

மேடையில் தங்கள் இசையைக் காதுக்குள்ளேயே கேட்க வைக்கும் சிறு ஸ்பீக்கரான இன்-இயர் மானிட்டர் வந்ததும் பிரச்சினை தீர்ந்தது என்று நினைக்கிறவர்கள் நிறைய. வெளிச்சத்தம் அடைபடுவதால் குறைந்த ஒலியிலேயே தெளிவாகக் கேட்க முடியும் என்பதுதான் அதன் பயன். ஆனால் ரசிகர்களின் ஆரவாரம் வேண்டும் என்று ஒரு பக்கத்தைக் கழற்றித் தொங்கவிடுகிறார்கள். திறந்த காதில் மேடைச் சத்தம் நேராக அடிக்கிறது. இரண்டு காதிலும் சேர்ந்து கேட்கும்போது கிடைக்கும் பலம் போய்விடுவதால் மற்ற காதுக்கு வால்யூமை ஏற்றுகிறார்கள். இரண்டு காதையும் ஒரே நேரத்தில் கெடுக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது! ஆரவாரம் வேண்டுமானால் கூட்டத்தை நோக்கி ஒரு மைக் வைத்து, அதை மிக்ஸில் கலந்து தரச் சொல்லுங்கள். ஒலி ஒரு அளவைத் தாண்டாமல் தடுக்கும் லிமிட்டர் போட்டிருக்கிறதா என்றும் கேளுங்கள், மைக் வீறிடும் ஃபீட்பேக் ஒரு தடவை காதுக்குள் வெடித்தால் போதும், காது கெட்டுவிடும். மேடையில் இருப்பவர்களுக்கான ஒலியைக் கலந்து தரும் மானிட்டர் எஞ்சினியரும் ட்ரம்ஸ் உதவியாளரும் அதே சத்தத்தில்தான் தினமும் நிற்கிறார்கள், அவர்களை யாரும் பரிசோதனைக்கு அனுப்புவதில்லை.

சுற்றுப்பயணம் கிளம்பும் முன் ஒரு ஆடியோகிராம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருடத்துக்கு ஒன்று. காதிரைச்சல் ஒன்றிரண்டு நாளைத் தாண்டினால் காட்டுங்கள். ஆனால் ஒரு காது திடீரென்று, சில மணி நேரத்தில் அல்லது தூங்கி எழும்போது, அடைத்தது போல் போனால் அழுக்கு என்று நினைத்து அடுத்த ஊருக்கு பஸ் ஏறாதீர்கள். உள்காது சம்பந்தப்பட்ட திடீர் செவித்திறன் இழப்பாக இருந்தால் ஸ்டீராய்டு சிகிச்சை முதல் இரண்டு வாரத்துக்குள், அதிலும் எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. கச்சேரியைத் தள்ளிப்போட்டு அன்றைக்கே காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள்.